கச்சத்தீவை மீட்பதாகச் சொல்லும் தலைவர்களுக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மடல்

தமிழ்நாட்டின் அனைத்துக் கட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் என் ஊர். அப்பா முப்பது வருடம் விசைப்படகில் மடி, அதாவது இழுவை வலை, இழுத்தவர். நான் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகுகள் போகும் நாளுக்கு முந்தின இரவு ஐஸ் கட்டிகளை மெஷினில் போட்டு உடைக்கிற சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டதும் அம்மா ஒரு தடவை சிலுவை போட்டுக்கொள்வார். அப்பா கடலை விட்டு வருடக்கணக்காகிவிட்டது, ஆனாலும் அம்மாவின் கை தானாக எழும். போன படகுகளில் எத்தனை திரும்பும், எத்தனையை இலங்கைக் கடற்படை காங்கேசன்துறைக்கோ தலைமன்னாருக்கோ இழுத்துக்கொண்டு போகும் என்று விடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 'கச்சத்தீவை மீட்போம்' என்று எங்களுக்கு வாக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக வேறொரு வாக்குக் கொடுங்கள். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சொன்னவுடன் கோபப்படாதீர்கள். கச்சத்தீவைக் கொடுத்தது சரி என்று நான் சொல்லவில்லை. சேதுபதிகளின் ராமநாதபுரம் ஜமீன் கணக்கில் அந்தத் தீவு இருந்தது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 1921இல் கொழும்பில் சென்னை மாகாண அரசும் இலங்கை அரசும் மீன்பிடி எல்லை பற்றிப் பேசியபோதே தீவு யாருக்கு என்ற கேள்வி எழுந்து, முடிவில்லாமல் நின்றது. 1974 ஜூன் மாதம் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கடல் எல்லைக்கோட்டைத் தீவுக்கு மேற்கே போட்டது. அத்தோடு தீவு அந்தப் பக்கம் போனது. அந்தக் கடலை நம்பியிருந்த ஒருத்தரிடமும் கேட்கவில்லை. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று ஐந்தாவது பிரிவில் எழுதினார்கள். பாரம்பரிய உரிமை பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று நாடாளுமன்றத்தில் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் சொன்னார். இரண்டே வருடத்தில், 1976 மார்ச் 23 அன்று, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டுப் படகு இன்னொரு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை, ஆளுநர் ஆட்சி நடந்தது. இது அநியாயம்தான். என் அப்பா இன்றைக்கும் அந்த வருடத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்.

(அதே ஏற்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் வளம் மிகுந்த வாட்ஜ் கரை என்ற கடற்பகுதி இந்தியாவுக்கு உறுதியானது. இலங்கைப் படகுகள் மூன்று வருடம் மட்டும் உரிமம் பெற்று அங்கே பிடிக்கலாம், அப்புறம் கிடையாது என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. கன்னியாகுமரிக்காரர்களுக்குத் தெரியும்.)

நடந்தது அநியாயம் என்பதிலிருந்து, தீவைத் திரும்ப வாங்கினால் எங்கள் துன்பம் தீரும் என்று தாவுகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் மறுக்கிறேன். கணக்கு எழுதுகிறவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தள்ளி ஓடுகிறது. கச்சத்தீவிலிருந்து இலங்கையின் நெடுந்தீவு பத்துப் பன்னிரண்டு கடல் மைல். நாளைக் காலையிலேயே தீவு நம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தீவுகளுக்கும் சரிபாதியில் புதுக் கோடு போட்டாலும், அது ஆறேழு கடல் மைல்தான் அந்தப் பக்கம் நகரும். ஆளில்லாத, குடிதண்ணீர் இல்லாத ஒரு சின்னத் தீவுக்குக் கடல் எல்லை வகுக்கும்போது அந்த அளவு முழு மதிப்புக் கொடுப்பதுகூட வழக்கமில்லை. சரி, கொடுத்துவிட்டார்கள் என்றே இருக்கட்டும். ஆறேழு கடல் மைல் என்பது ஒரு விசைப்படகுக்கு ஒரு மணி நேர ஓட்டம். எங்கள் படகுகளை எங்கே பிடிக்கிறார்கள் என்று செய்தியைப் பாருங்கள். நெடுந்தீவு அருகே, காரைநகர் அருகே, மன்னாருக்கு வடக்கே, தலைமன்னார் அருகே. சில நேரம் முல்லைத்தீவுப் பக்கம்கூட. கச்சத்தீவு நம்முடையதாக இருந்தாலும் இந்த இடங்களெல்லாம் அவர்கள் கடல்தான். அந்த வழக்குகளில் ஒன்றுகூடக் குறையப் போவதில்லை.

2024 ஏப்ரலில் மத்திய வெளியுறவு அமைச்சர் ஒரு கணக்குச் சொன்னார். இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை பிடித்திருக்கிறது, 1,175 படகுகளைக் கைப்பற்றியிருக்கிறது என்று. அந்த 6,184 பேரில் பலர் கச்சத்தீவைத் தாண்டி வெகுதூரம் போனவர்கள். ஏன் போனார்கள்? கடல் எல்லை தெரியாமல் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எப்போதும் சொல்கிறோம். அப்படிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை, அதைப் படகுத்துறையில் நிற்கிற எந்தப் பையனும் சொல்வான். ஜி.பி.எஸ். இல்லாத விசைப்படகு இன்று ராமேஸ்வரத்தில் கிடையாது.

போவதற்குக் காரணம், இந்தப் பக்கம் மீன் இல்லை. மீன் இல்லாததற்குக் காரணம் நாங்கள்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஊருக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் கணக்கில் பொய் எழுத எனக்கு வராது. பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர்கூடக் கிடையாது. அடியில் கடற்புல் மண்டிக் கிடக்கும். இறால், நண்டு, கணவாய் எல்லாம் குஞ்சு பொரித்து வளர்கிற தொட்டில் அது. இழுவைமடி என்பது இரண்டு பக்கமும் கனமான பலகை, அடியில் சங்கிலி, நடுவில் பொடிக்கண் வலை. அது தரையை வாரிக்கொண்டே வரும். மடியை மேல்தளத்தில் அவிழ்த்துக் கொட்டும்போது பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டும். இறால் ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை தேறும். மீதி சங்காயம் என்கிற கழிவு. விரல் நகம் அளவு நண்டு, கண் திறக்காத கணவாய்க் குஞ்சு, நட்சத்திர மீன், சிப்பி ஓடு, வேரோடு பிடுங்கிய கடற்புல். அதைக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். சின்ன வயதில் நான் அந்தக் குவியலில் சங்கு பொறுக்கி விளையாடியிருக்கிறேன். அது அடுத்த வருடத்து மீன்பாடு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த மடியை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பதுகளில் நார்வே உதவியோடு இந்தியாவில் வந்த திட்டம் தொடங்கி, அரசுகள் கடன் கொடுத்து, மானியம் கொடுத்து, 'இறால் ஏற்றுமதி செய், டாலர் கொண்டு வா' என்று எங்களை இதில் இறக்கிவிட்டன. முதலில் அடிபட்டது இலங்கைக்காரர்கள் அல்ல, எங்கள் ஊர் நாட்டுப்படகுக்காரர்கள். வலை அறுந்தது, சண்டை வந்தது, உயிரும் போனது. அதற்குப் பிறகுதான் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று ஏற்பாடு வந்தது. திங்கள், புதன், சனி எங்களுக்கு. டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வலை விடக் கூடாது என்று 1983இல் தமிழ்நாடே சட்டம் போட்டது. கரைப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் எல்லைக்கோடு, நடுவில் ஒரு நாடா அகலத்துக்குத்தான் கடல். அதில் ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று எத்தனை துறைமுகத்துப் படகுகள் இழுக்கும்?

எங்கள் மூன்று நாள் கணக்கு அக்கரையில் என்ன செய்கிறது என்பதை நான் கச்சத்தீவில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தோனியார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தீவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் 285 ஏக்கர். நீளவாக்கில் ஒரு மைல் இருக்கும், அகலம் முந்நூறு மீட்டர். முள்ளும் புதரும். ஒரு பழைய கோயில், பக்கத்தில் 2016 கடைசியில் திறந்த புதுக் கோயில். வருடத்தில் இரண்டு நாள்தான் அங்கே மனிதக் கூட்டம். முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவு தேர்பவனி. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கொடி இறங்கும், படகுகள் கிளம்பும். போர்க்காலத்தில் பல வருடம் இதுவும் நின்று போயிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாதிரியாரும் ராமேஸ்வரத்திலிருந்து போன பாதிரியாரும் ஒரே பீடத்தில் தமிழில் பூசை வைக்கிறார்கள். இங்கேயிருந்து போகிறவர்கள் சேலையும் பாத்திரமும், அங்கேயிருந்து வருகிறவர்கள் சோப்பும் பனங்கட்டியும் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள்.

இரவில் மணலில் படுத்திருந்தோம். பக்கத்தில் நெடுந்தீவுக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும். அவரிடம் உள்ளது ஒரு ஃபைபர் படகு, மகனோடு படுப்புவலை விடுகிறார். பேச்சுவாக்கில் என் அப்பா விசைப்படகுக்காரர் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, திங்கள், புதன், சனி நாங்கள் கடலுக்குப் போறதில்லை. உங்கட படகுகள் வாற நாள். வலையை விட்டால் விடியக் கயிறுதான் மிஞ்சும்."

என் ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓடுகிற அதே இரவுகள். இங்கே மெஷின் ஓடினால் அங்கே ஒரு வீட்டில் மறுநாள் அடுப்புப் பற்றவைப்பது சந்தேகம். அந்த மனிதர் கோபமாகக்கூடப் பேசவில்லை. மகனின் போனை வாங்கி ஒரு படத்தைக் காட்டினார். கரையில் குவிந்து கிடந்த வலை, நடுவில் பெரிய ஓட்டை, கடன் வாங்கிக் கட்டிய வலையாம். "உங்கட தலைவர்மார் எங்களை உறவு எண்டுதான் சொல்லுகினம். உறவுக்காரர் வந்து அடுப்பிலை தண்ணி ஊத்துவினமோ?" என்று கேட்டார். அந்த இரவில் எனக்குப் பதில் இல்லை.

தொப்புள்கொடி உறவு என்று நீங்கள் மேடைதோறும் சொல்வது பொய்யில்லை, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அக்கரையில் சொந்தம் உண்டு. ஆனால் அந்த உறவுக்காரர்கள் முப்பது வருடப் போரில் கடலுக்கே இறங்க முடியாமல் கிடந்தார்கள். பாதுகாப்பு வலயம், தடை, இரவில் போகக் கூடாது, இன்ன குதிரைத்திறனுக்கு மேல் இயந்திரம் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. அந்த வருடங்களில் அவர்கள் கடலில் இழுத்து நாங்கள் பிழைத்தோம். 2009க்குப் பிறகு பிச்சை எடுக்காத குறையாக ஒரு படகும் நான்கு வலையும் வாங்கி அவர்கள் திரும்பவும் கடலுக்கு வந்தபோது, நாங்கள் இன்னும் பெரிய படகோடு அங்கேயே நின்றோம். இழுவைமடியைத் தடை செய்ய 2017இல் இலங்கை நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தது சிங்களக் கட்சி அல்ல. யாழ்ப்பாணத்துத் தமிழ் எம்.பி. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா. தன் மக்களுக்காகக் கொண்டுவந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், 'மீட்போம்' என்ற உங்கள் சொல் கொழும்பில் மட்டும் போய் விழவில்லை. நெடுந்தீவிலும் பேசாலையிலும் பருத்தித்துறையிலும் விழுகிறது. அங்கே அதற்கு, 'கடலை வாரியது போதாதென்று இப்போது தரையையும் கேட்கிறார்கள்' என்று பொருள். வடக்குத் தமிழனும் தெற்குச் சிங்களவனும் ஒரே பக்கம் நிற்கிற விஷயம் இலங்கையில் அதிகம் கிடையாது. அதில் ஒன்றை நாம் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறோம். இங்கே 2025 ஏப்ரல் 2 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் ஒரு கட்சியின் மாநாட்டு மேடையில் அதே பேச்சு. செப்டம்பர் 1 அன்று இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க படகேறிக் கச்சத்தீவுக்கே போய் நின்றார். அதற்கு முன் எந்த இலங்கை ஜனாதிபதியும் அங்கே போனதில்லை. நீங்கள் ஒரு படி ஏறினால் அவர் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது, அவருக்கும் வாக்காளர்கள் இருக்கிறார்களே. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023இல் கப்பல் விட்டோம். பயணிகள் கையசைத்துக்கொண்டு போகிற அதே துறைமுகத்துக்குத்தான் எங்கள் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

வழக்குப் போட்டு வாங்கலாம் என்பீர்கள். உச்ச நீதிமன்றத்தில் 2008இலிருந்து வழக்கு இருக்கிறது. 2014இல் இந்தியாவின் தலைமை வழக்கறிஞரே அந்த நீதிமன்றத்தில், திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் சொன்னார். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளுக்கு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதில்லை என்று இந்தியாவே எழுதிக்கொடுத்திருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் பெத்ரா பிராங்கா பாறைக்காக அந்த நீதிமன்றம் போனது இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டதால். இலங்கை ஏன் ஒப்புக்கொள்ளும்?

வங்காளப் பக்கம் நடந்ததைப் பார்த்தாவது யோசியுங்கள். 1970 புயலுக்குப் பிறகு ஹரியாபங்கா ஆற்று முகத்தில் ஒரு மணல்திட்டு முளைத்தது. நாம் நியூ மூர் என்றோம், வங்கதேசம் தெற்குத் தால்பட்டி என்றது. 1981இல் போர்க்கப்பல் அனுப்பிக் கொடி நட்டோம். பல வருடம் இரு நாட்டுக்கும் அதனால் மனக்கசப்பு. 2010க்குள் அந்தத் திட்டு கடலுக்குள் போய்விட்டது. 2014இல் நடுவர் மன்றம் கடல் எல்லையை வகுத்தது, சச்சரவுக்கு உட்பட்ட கடலில் பெரும்பகுதி வங்கதேசத்துக்குப் போனது, இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. மறுவருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தி எல்லையோரத் துண்டு நிலங்களை இரு நாடும் மாற்றிக்கொண்டன. அந்தத் திருத்தத்தை நம் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது.

இலங்கைக் கடற்படை செய்வதையெல்லாம் நான் நியாயப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் கடற்படைக் கப்பலோடு மோதிய படகில் நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி. அந்தக் கரையிலிருந்து உயிர் தப்பி வந்தவர், அந்தக் கடலிலேயே உயிரை விட்டார். 2024 ஜூனில் படகைப் பிடிக்க வந்த இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார், ஆகஸ்டில் நெடுந்தீவு அருகே எங்கள் மீனவர் ஒருவர் இறந்தார். சாவுக்குக் கணக்குக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போனவர்கள், படகு அவர்களுடையது இல்லை. இரண்டாம் முறை பிடிபட்டால் சிறை என்று அங்கே தீர்ப்பு வருகிறது. 2024இல் அப்படித் தண்டனை வந்ததற்காக எங்கள் ஊர்க்காரர்கள் அந்தோனியார் திருவிழாவுக்கே போகாமல் புறக்கணித்தார்கள். அந்த வருடம் அம்மா அழுதார். சாமியிடம் கோபித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறதே என்றார்.

சரி, எந்த வாக்கைக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பாக் நீரிணையிலிருந்து இழுவைமடியை வெளியேற்றுவோம், இன்ன வருடத்துக்குள், இவ்வளவு பணத்தில், ஒரு குடும்பத்தையும் தெருவில் விடாமல் என்று எழுதிக்கொடுங்கள்.

இதற்கு ஏற்கெனவே ஒரு திட்டம் உண்டு. 2017இல் 1,600 கோடி ரூபாயில் அறிவித்தார்கள். 2,000 இழுவைப் படகுகளை எடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை (டுனா) மீன் பிடிக்கும் படகுகள் கொடுப்பது. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, உரிமையாளர் கையிலிருந்து 10. அதாவது கையில் 8 லட்சம், கடன் 16 லட்சம். முதல் வருடத்திலேயே 500 படகு என்றார்கள். அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். எங்கள் ஆட்கள் காலையில் போய் மறுநாள் திரும்புகிறவர்கள். சூரைத் தொழில் வாரக்கணக்கில் தங்கல். தூண்டில் கட்டத் தெரியாது, ஆழ்கடலில் மீன் எங்கே நிற்கும் என்று தெரியாது. கற்றுத்தர ஆள் வேண்டும், ஒரு நாள் முகாம் போதாது. அந்தப் படகைக் கட்ட ராமேஸ்வரத்தில் ஆழம் போதாது, குந்துகாலுக்கோ மூக்கையூருக்கோ போக வேண்டும். பிடித்த சூரைக்கு இங்கே வாங்குகிற ஆளில்லை. எல்லாவற்றையும்விட, திட்டம் முழுக்க உரிமையாளருக்கு எழுதியது. கூலிக்குப் போகிறவன் பெயர் அதில் எங்குமே இல்லை. முதலாளி படகை ஒப்படைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார், அந்தப் படகில் கூலிக்குப் போன ஆறு பேர் மறுநாள் காலை என்ன செய்வார்கள்?

ஆகவே உங்கள் வாக்கில் கூலித் தொழிலாளிக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். படகை அரசே நியாய விலைக்கு வாங்கி உடைக்கட்டும், உடைத்ததைப் பெயரோடு வெளியிடட்டும், பழைய படகை இன்னொரு துறைமுகத்துக்கு விற்றுவிட்டுப் புதுப் படகு வாங்குகிற வேலை வேண்டாம். ஆழ்கடலுக்குப் போக விரும்பாதவர்களுக்கு வலைத் தொழிலோ, கடற்பாசியோ, நண்டு வளர்ப்போ, கரையில் வேறு வேலையோ, அவரவர் கேட்பதைக் கொடுங்கள். புதுப் படகுக்கு உரிமம் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கிற இரட்டைமடிக்குத் தடை இருந்தும் அது எப்படி நடக்கிறது என்று உங்கள் உள்ளூர் ஆட்களையே கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா எனும் கடற்பசுவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது, நல்ல காரியம். ஆவுளியா தின்பது கடற்புல்லை. புல்லைப் பிடுங்குகிற மடியை விட்டுவைத்து ஆவுளியாவை எப்படிக் காப்பாற்றுவது?

அப்புறம், மீனவர்களைப் பேச விடுங்கள். 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் பிரதிநிதிகள் சென்னைக்கு வந்து நம் ஆட்களோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்துக்கே வந்தார்கள். வருடத்தில் 70 நாள் எங்கள் படகுகளை அனுமதிப்பது, ஒரு வருடத்துக்குள் இழுவைமடியை நிறுத்திவிடுவது என்று. எல்லை மீறி வந்து வலையை அறுத்தவனுக்கு 70 நாள் கொடுத்தார்கள். அவர்கள் காட்டிய அந்தப் பெருந்தன்மைக்கு இரண்டு அரசுகளும் ஒப்புதல் தரவில்லை, நாங்களும் மடியை நிறுத்தவில்லை. 2014இலும் 2015இலும் பேசினார்கள். 2016இல் இரு நாட்டு அமைச்சர்களும் கூட்டுப் பணிக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள், அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. அதில் அதிகாரிகள் பேசுகிறார்கள். தண்ணீரில் நிற்கிறவன் ஒருவரும் இல்லை.

பேச இடம் தேட வேண்டாம். இடம் தயாராக இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு நாள், இரு கரைத் தமிழரும் விசா இல்லாமல் ஒரே மணலில் படுத்துத் தூங்குகிற தீவு ஒன்று இருக்கிறது. கொடியிறக்கம் முடிந்த கையோடு இன்னும் ஒரு நாள் தங்க இரு அரசுகளிடமும் அனுமதி வாங்கித் தாருங்கள். இந்தப் பக்கம் விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டிலிருந்தும் ஆட்கள், கூலிக்காரர்களும் சேர்த்து. அந்தப் பக்கம் நெடுந்தீவு, மன்னார், முல்லைத்தீவு ஆட்கள். தீவு யாருடையது என்ற பேச்சை அந்த மூன்றாம் நாளில் யாரும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்களும் வாருங்கள். கட்சிக் கொடி வேண்டாம், கேமராவும் வேண்டாம். அந்த நெடுந்தீவுக்காரர் வருடாவருடம் வருவார், கோயிலுக்குத் தெற்குப் பக்கம்தான் அவர்கள் கூட்டம் படுத்திருக்கும், அவரிடம் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் என்னிடம் கேட்டதை உங்களிடமும் கேட்பார்.

வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பங்குக் கோயிலில் பெயர் கொடுக்க வேண்டும், ஆதார் நகல் வேண்டும், பட்டியல் மூடிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து விடியற்காலையில் படகு கிளம்பும். ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், இரவில் வாடைக்காற்று நன்றாகவே அடிக்கும். குடிதண்ணீரும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும், தீவில் கிடையாது.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து விசைப்படகுக்காரர் ஒருவரின் மகன்